நம்ம ஏரியா பார்க்கை ஊரே சேர்ந்து வாங்கிக் காப்பாத்துறது எப்படி

பல வருஷமா பசங்க கிரிக்கெட் ஆடிட்டு, பெரியவங்க சாயங்காலம் உக்காந்து பேசிட்டு இருந்த ஒரு இடத்துல திடீர்னு ஒருநாள் ஜேசிபி வந்து நிக்கும், இல்ல "இந்த இடம் விற்பனைக்கு"ன்னு ஒரு போர்டு முளைக்கும். அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்ல "நாமளே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிடலாம்"னு பேச்சு கிளம்பிடும். நல்ல யோசனை, முடியுற காரியமும்கூட. நியூசிலாந்துல 2016-ல ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவை ஒட்டி அவரோவான்னு ஒரு கடற்கரை தனியார்கிட்ட இருந்து விலைக்கு வந்துச்சு, ரெண்டு சாதாரண ஆளுங்க ஆன்லைன்ல வசூல் ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட 39,000 பேர் சேர்ந்து இருபது லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல போட்டாங்க, கடைசியில அந்நாட்டு அரசாங்கமும் 3,50,000 டாலர் சேர்த்துச்சு, அந்த வருஷமே அந்தக் கடற்கரை தேசியப் பூங்காவோட சேர்ந்துடுச்சு. ஆனா நம்ம ஊர்ல இதைச் செய்யணும்னா முதல் வேலை வேற. உண்டியலைத் தூக்குறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாக்கணும்.

இடம் யாரோடது?

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டே ஆகணும், ஏன்னா நம்ம ஊர்ல விற்பனைக்கு வர்ற "பார்க்" பாதி நேரம் விக்கவே கூடாத இடமா இருக்கும். மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்குன்னு ஒதுக்கின இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கணும்னு விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேல போற மனைப்பிரிவுன்னா ரோடு போக மீதியில 10 சதவீதம் இடமாவே கொடுத்தாகணும், அதுக்குப் பதிலா காசு கட்டித் தப்பிக்க முடியாது. ஓஎஸ்ஆர் நிலம்னு சொல்றது இதைத்தான். இப்படி இலவசமா எழுதிக் கொடுக்கணும்ங்கிற விதி செல்லாதுன்னு கேஸ் போட்டுப் பாத்தாங்க, 2023 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் விதி செல்லும்னு சொல்லிடுச்சு.

பிரச்சினை எங்க வருதுன்னா, பழைய மனைப்பிரிவுகள்ல வரைபடத்துல பார்க்னு காட்டி அப்ரூவல் வாங்கி மனையெல்லாம் வித்திருப்பாங்க, ஆனா தானப்பத்திரம் மட்டும் எழுதியிருக்க மாட்டாங்க, பட்டா அப்படியே பழைய பேர்லயே கிடக்கும், முப்பது வருஷம் கழிச்சு வாரிசுங்க வந்து "இது எங்க தாத்தா சொத்து"ன்னு விக்கப் பாப்பாங்க. அந்த இடத்தை நீங்க காசு கொடுத்து வாங்கினா உங்களோடதையே நீங்க விலைக்கு வாங்குற மாதிரி ஆயிடும்.

அதனால அப்ரூவ் ஆன லேஅவுட் காப்பியை முதல்ல வாங்குங்க. சென்னைப் பக்கம்னா சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மத்த ஊர்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). நேர்ல கொடுக்கலைன்னா 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். கூடவே வில்லங்கச் சான்றிதழ் (ஈசி) குறைஞ்சது 30 வருஷத்துக்கு, பட்டா, நிலம் என்ன வகைன்னு காட்டுற வருவாய்த்துறை அ-பதிவேடு, டவுன்னா நகர நில அளவைப் பதிவேடு, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), தாய்ப்பத்திரம் (பழைய மூலப் பத்திரம்) எல்லாம் எடுங்க. புறம்போக்கா, நீர்நிலையா, கோயில் நிலமா, வக்பு நிலமா, பூமிதான நிலமான்னு ஒண்ணொண்ணா பாருங்க. ஈசி சுத்தமா இருக்குன்னா நிலம் சுத்தமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஏன்னா ஈசியில பதிவான பத்திரம் மட்டும்தான் வரும், புறம்போக்குங்கிறது வருவாய்த்துறை ரெக்கார்டுலதான் தெரியும்.

லேஅவுட்ல பார்க்னு போட்டிருந்தா வாங்குற பேச்சையே விட்டுட்டு உள்ளாட்சி கமிஷனர்கிட்ட மனு கொடுங்க, பட்டாவை உள்ளாட்சி பேருக்கு மாத்தச் சொல்லுங்க, வேலி போடச் சொல்லுங்க. அசையலைன்னா அதிகாரிங்களுக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாம். பெங்களூர்ல ஒரு குடியிருப்புல பார்க்குக்குன்னு ஒதுக்கின இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தாங்க, அங்க குடியிருந்தவங்க விடல, 1991-ல சுப்ரீம் கோர்ட் அவங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. பெங்களூர் மெடிக்கல் ட்ரஸ்ட் கேஸ்னு சொன்னா எந்த வக்கீலுக்கும் தெரியும். நம்ம மாநிலத்துல பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லயே தனிச் சட்டம் வேற இருக்கு. இந்த வழியில போனா வசூல் பண்ண வேண்டியது வக்கீல் ஃபீஸும் வேலிச் செலவும் மட்டும்தான்.

நிஜமாவே வாங்க வேண்டி வர்றது ரெண்டு மூணு சூழ்நிலையிலதான். அப்ரூவல் இல்லாம போட்ட மனைப்பிரிவுல பார்க்னு ஒண்ணே இருக்காது, பக்கத்துல ஒருத்தரோட காலிமனையையே ஊர் இத்தனை நாள் பார்க்கா பயன்படுத்தியிருக்கும். இல்ல ஒரு பழைய தோப்பு, ஒரு பங்களாத் தோட்டம், ஓனர் நல்ல மனசோட இத்தனை வருஷம் எல்லாரையும் உள்ள விட்டிருப்பார், இப்ப பிள்ளைங்க பாகம் பிரிக்கணும்னு விக்கிறாங்க. இதுக்குத்தான் மீதி எல்லாம்.

ஓனர்கிட்ட டைம் வாங்குறது

வசூல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓனரைப் பாருங்க. கூட்டமா போகாதீங்க, அவரோட பழக்கம் உள்ள ரெண்டு பேர் போதும். "ஐயா, இத்தனை வருஷம் நீங்க விட்டதாலதான் இந்த ஏரியாவுக்கு ஒரு பார்க் இருந்துச்சு, அதை அப்படியே காப்பாத்தணும்னு ஊரே நினைக்குது, நியாயமான விலை தர்றோம், எங்களுக்கு ஆறு மாசம் டைம் மட்டும் கொடுங்க"ன்னு கேளுங்க. பில்டருக்கு விக்கிறதை விட உங்களுக்குக் கொடுக்குறதுல அவருக்கு ஒரு மரியாதை இருக்கு, அவங்க அப்பா அம்மா பேரைப் பார்க்குக்கு வைக்கலாம்னு சொல்லலாம், அதுக்காக விலையைக் குறைச்சவங்க உண்டு. மிரட்டுறது, அரசியல்வாதியைக் கூட்டிட்டுப் போறதெல்லாம் வேண்டவே வேண்டாம், அடுத்த நாளே அவர் வேற ஆளுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவார்.

வாய்ப்பேச்சு போதாது, விற்பனை ஒப்பந்தம் போட்டு ரிஜிஸ்டர் பண்ணுங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து அக்ரிமென்ட்டையும் பதிவு பண்ணித்தான் ஆகணும். அதுல விலை, கெடு தேதி, கெடுவுக்குள்ள பணம் சேரலைன்னா அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும், ஒரு தடவை கெடுவை நீட்டிக்க முடியுமா, எல்லாம் தெளிவா இருக்கணும். லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாலிவுட்ங்கிற பெரிய எழுத்து நிக்குதே, அந்த மலைக்குப் பின்னாடி இருந்த 138 ஏக்கரை பங்களா கட்ட விக்கப் பாத்தப்போ, ட்ரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்ங்கிற அமைப்பு ஓனர்கள்கிட்ட இப்படித்தான் கெடு வாங்கி 1.25 கோடி டாலர் திரட்டுச்சு. 2010 ஏப்ரல்ல முதல் கெடு வந்தப்போ கொஞ்சம் பணம் குறைஞ்சுது, சில நாள் நீட்டிச்சாங்க, கடைசி 9 லட்சம் டாலரை ப்ளேபாய் பத்திரிகை நடத்தின ஹியூ ஹெஃப்னர் கொடுத்தார். கெடு தேதின்னு ஒண்ணு இருந்தாத்தான் ஜனங்க பர்ஸைத் திறப்பாங்க, இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

கணக்கு

உதாரணத்துக்கு 20 சென்ட் இடம், சென்ட் 10 லட்சம்னு வச்சுக்குவோம், 2 கோடி. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், அதுவே 18 லட்சம், நிறைய பேர் இதை மறந்துட்டு டார்கெட் வச்சுடுவாங்க. வக்கீல், சர்வே, வேலி, கேட் எல்லாம் சேத்து ஒரு 7 லட்சம். ஆக 2 கோடியே 25 லட்சம். 150 வீடு இருக்குற காலனியில வீட்டுக்கு 20,000 வாங்கினாலும் 30 லட்சம்தான் வரும். இந்தக் கணக்கைப் பாத்துப் பயந்துடாதீங்க, ஆனா "ஆளுக்குக் கொஞ்சம் போட்டா போதும்"ங்கிற நினைப்பை விட்டுடுங்க. நிலம் வாங்குற அளவுக்குப் போற வசூல்ல பாதிக்கு மேல பணம் பத்து இருபது பேர்கிட்ட இருந்துதான் வரணும், மீதிப் பாதி நூத்துக்கணக்கான பேர்கிட்ட இருந்து வரும். ரெண்டும் வேணும், பெரிய ஆளுங்க கொடுக்குறது நிலத்தை வாங்கும், சின்னத்தொகை கொடுத்த நூத்துக்கணக்கான குடும்பம்தான் அதை அப்புறம் காவல் காக்கும்.

சதுர அடி கணக்குல கேக்குறது நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். 20 சென்ட்னா 8,712 சதுர அடி, ஒரு சதுர அடிக்கு 2,600 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ வருது. "ஒரு சதுர அடி எங்க குடும்பம்", "பாட்டி நினைவா பத்து சதுர அடி"ன்னு ஜனங்க ஆசையா கொடுப்பாங்க. ரசீதுல மட்டும் "நன்கொடை"ன்னு தெளிவா போட்டுடுங்க, நிலத்துல தனி உரிமை எதுவும் கிடையாதுன்னு ஒரு வரியும் சேருங்க, நாளைக்கு யாரும் பங்கு கேட்டு வரக்கூடாது.

யார் பேர்ல வாங்குறது

தனி ஆள் பேர்ல வாங்கவே கூடாது, எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. அவருக்கு அப்புறம் அது அவரோட வாரிசு சொத்து. இருக்குற நலச்சங்கம் பேர்ல வாங்கலாமான்னா, சட்டப்படி வாங்கலாம், ஆனா சங்கத்துக்குத் தேர்தல் வரும், கமிட்டி மாறும், சண்டை வரும். என்னைக் கேட்டா பார்க்குக்குன்னே தனியா ஒரு பொது அறக்கட்டளை வைக்கிறதுதான் பாதுகாப்பு. ட்ரஸ்ட் டீட்ல நோக்கம் "இந்த இடத்தைப் பொதுமக்களுக்கான பூங்காவா என்னைக்கும் வச்சிருக்குறது"ன்னும், விக்கவோ அடமானம் வைக்கவோ கூடாதுன்னும், ட்ரஸ்ட் கலைஞ்சா இதே நோக்கம் உள்ள வேற அமைப்புக்கோ உள்ளாட்சிக்கோதான் போகணும்னும் எழுதணும். ட்ரஸ்டியா ஏழெட்டு பேர், எல்லாத் தெருவுல இருந்தும், பெண்களும் இளவயசுக்காரங்களும் கட்டாயம். நியூயார்க்ல 1999-ல மாநகராட்சி நூத்துக்கும் மேல சமூகத் தோட்டங்களை ஏலம் விடப் போனப்போ ரெண்டு அமைப்புகள் சேர்ந்து 42 லட்சம் டாலருக்கு வாங்கிக் காப்பாத்துச்சு, அதுல பாதிக்கு மேல வாங்கின அமைப்பு அப்புறம் அந்தத் தோட்டக்காரங்களே நடத்துற உள்ளூர் நில அறக்கட்டளைகள் கையில ஒப்படைச்சுது. அந்த வழி நமக்கும் ஒத்துவரும்.

ட்ரஸ்ட் பேர்ல பான், பேங்க் அக்கவுன்ட், மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து. யாரோட சொந்த ஜிபே நம்பருக்கும் ஒரு ரூபாய் கூட வரக்கூடாது, ட்ரஸ்ட் அக்கவுன்ட் க்யூஆர் மட்டும்தான். வருமான வரியில அறக்கட்டளைப் பதிவும் 80ஜி-ன்னு நாம சொல்ற வரிச்சலுகைக்கும் ஆரம்பத்துலயே ஆடிட்டர் மூலமா அப்ளை பண்ணிடுங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அந்தச் சலுகை கிடையாது, புது வரி முறையில இருக்குறவங்களுக்கும் கிடையாது, இதை முன்னாடியே சொல்லிடணும்.

வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்ககிட்ட கேக்கும்போது ஜாக்கிரதை. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குறவங்க துபாய்லயோ சிங்கப்பூர்லயோ சம்பாதிச்ச சொந்தக் காசைக் கொடுக்கலாம், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ இல்ல என்ஆர்ஓ பேங்க் கணக்குல இருந்து அனுப்பச் சொல்லுங்க, பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. வேற நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் கொடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு, எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாம தொடக்கூடாது. பாசத்துல அனுப்புற காசால ட்ரஸ்டே மாட்டிக்கும்.

வசூல்

முதல் நாளே நோட்டீஸ் அடிச்சுடாதீங்க. முதல்ல ட்ரஸ்டிங்க தங்களோட பங்கை எழுதணும். "நீங்க எவ்வளவு போட்டீங்க?"ன்னு முதல் வீட்டுலயே கேப்பாங்க, அதுக்குப் பதில் கையில இருக்கணும். அப்புறம் சத்தமில்லாம பெரிய தொகை கொடுக்கக்கூடியவங்களை ஒவ்வொருத்தரா பாருங்க, டாக்டர், கடைக்காரர், ரிட்டையர் ஆனவர், அங்க படிச்சு வளந்து வெளியூர்ல நல்லா இருக்குறவர். மூணுல ஒரு பங்கு வாக்குறுதி வந்ததுக்கப்புறம் ஊர்க்கூட்டம் போட்டு அறிவிச்சீங்கன்னா "இது நடக்கப்போகுது"ங்கிற நம்பிக்கை வரும், பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சா "பாக்கலாம்"னு எல்லாரும் ஒதுங்கிப்பாங்க.

பணமா வாங்குறதுக்கு முன்னாடி வாக்குறுதியா எழுதி வாங்குங்க, டார்கெட் நெருங்கினதும் கலெக்ட் பண்ணுங்க. ரெண்டு மூணு தவணையா கொடுக்க விடுங்க, போனஸ் மாசம் பாத்துக் கேளுங்க. வீடு வீடா போகும்போது ரெண்டு பேரா போங்க, அதுல ஒருத்தராவது அந்தத் தெரு ஆளா இருக்கணும், அக்கான்னும் சித்தப்பான்னும் கூப்புட்டுப் பழகினவங்க கேட்டாத்தான் கதவு திறக்கும். "உங்களால முடிஞ்சதைக் கொடுங்க"ன்னு கேட்டா 500-தான் வரும். "அக்கா, உங்க வீட்டுல இருந்து அஞ்சு சதுர அடி எதிர்பாக்குறோம், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு தொகையைச் சொல்லிக் கேளுங்க, ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் போங்க. வாடகைக்கு இருக்குறவங்களை விட்டுடாதீங்க, அவங்க பசங்களுக்கு மொட்டைமாடி கூட கிடைக்காது, பார்க் அவங்களுக்குத்தான் ரொம்ப வேணும். ஆனா திருவிழா வரி மாதிரி தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு கட்டாயப்படுத்தாதீங்க, கொடுக்கலைன்னா பேர் போட்டு அசிங்கப்படுத்தாதீங்க, முடியாதவங்க வேலி போடுற அன்னைக்கு உடல் உழைப்பு கொடுப்பாங்க, அதையும் அதே நோட்டுல எழுதுங்க.

கம்பெனிங்க சமூகக் காரியத்துக்கு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் கேக்கலாம், ஆனா ட்ரஸ்ட்டுக்கு அதுக்கான பதிவு வேணும், முடிவு வர மாசக்கணக்கா ஆகும், அதை நம்பியே கெடு வைக்காதீங்க. எம்பி நிதியில நிலம் வாங்க முடியாது. நமக்கு நாமே திட்டத்துல பொதுமக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசாங்கம் போடும், அதையும் நிலத்துக்குக் கணக்குல எடுக்காம, அப்புறம் நடைபாதை, சுற்றுச்சுவர் மாதிரி வேலைகளுக்குக் கமிஷனர்கிட்ட கேட்டுப் பாருங்க.

கணக்கைத் தினமும் ராத்திரி குரூப்ல போடுங்க, வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, பாக்கி இவ்வளவு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோட. கெடுவுக்குள்ள சேரலைன்னா பணம் என்ன ஆகும்ங்கிறதை முதல் நோட்டீஸ்லயே அச்சடிச்சுடுங்க. ஒரே ஆள்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது சட்டப்படியே தப்பு. "கொஞ்சம் கருப்புல கொடுத்தா விலை குறைக்குறேன்"னு ஓனர் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, பொதுப்பணத்துல வாங்குற இடத்துக்குப் பத்திரத்துல முழு விலையும் வரணும்.

பெரிய தொகையோட நிபந்தனையும் வரும். அவரோவா வசூல் நடந்தப்போ ஒரு பெரிய பணக்காரர் குறையுற பணத்தை நான் போடுறேன், ஆனா ஒரு பகுதியை எங்க குடும்பம் மட்டும் கொஞ்ச காலம் பயன்படுத்திக்குறோம்னார், வசூல் பண்ணினவங்க வேண்டாம்னுட்டு ஜனங்ககிட்டயே போனாங்க, கிடைச்சுது. ஓரத்துல ஒரு கடை, ஒரு சிலை, கட்சிப் பேர்ல ஒரு ஆர்ச்னு நம்ம ஊர்லயும் கேப்பாங்க. பேர் வேணும்னா எல்லார் பேரும் ஒரே கல்லுல, ஒரே அளவு எழுத்துல, தொகை போடாம. இதை எழுத்துல முடிவு பண்ணி வச்சுட்டா மறுக்குறது சுலபம்.

வாங்கின பிறகு

50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா விக்கிறவருக்குக் கொடுக்குற தொகையில 1 சதவீதம் டிடிஎஸ் (அவர் பேர்ல வருமான வரி) பிடிச்சுக் கட்டணும், இதை ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பத்திரம் முடிஞ்ச வாரமே எல்லைக்கல்லும் வேலியும், அந்த மாசமே பட்டா மாற்ற மனு.

அப்புறம்தான் உண்மையான பாதுகாப்பு வேலை. நிலம் பொதுவுல இருந்தா மட்டும் தப்பிச்சுடாது. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல 1859-ல கவர்னர் ட்ரெவெல்யன் யோசனையில உருவான பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர், அதுல விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், ஸ்டேடியம்னு ஒண்ணொண்ணா வந்து இன்னைக்கு மிச்சம் மை லேடீஸ் பார்க் மாதிரி கொஞ்சம்தான். எல்லாமே பொதுக்காரியம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அதனால ஊரோட நிலப் பயன்பாட்டை முடிவு பண்ற மாஸ்டர் பிளான்ல அந்த சர்வே நம்பரைத் திறந்தவெளி, பொழுதுபோக்கு உபயோகம்னு வகைப்படுத்தச் சொல்லி மனு போடுங்க. உள்ளாட்சிகிட்டயே ஒப்படைக்கிறதா முடிவு பண்ணினா, பூங்காவைத் தவிர வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது, மீறினா நிலம் ட்ரஸ்ட்டுக்குத் திரும்பணும்ங்கிற நிபந்தனையோட தானப்பத்திரம் எழுதுங்க, வாசகத்தை சிவில் வக்கீல் ஒருத்தர் பாக்கணும். நான் ட்ரஸ்ட்கிட்டயே நிலம் இருந்து, உள்ளாட்சியோட பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும் போடுறதைத்தான் சொல்லுவேன்.

பராமரிப்புக்குத் தனியா ஒரு வைப்புநிதி வேணும், வசூல்ல பத்துல ஒரு பங்கை அதுக்குன்னு முதல்லயே சேத்துக் கேட்டா நல்லது, ஏன்னா இடம் வாங்கினதுக்கப்புறம் யாரும் காசு தர மாட்டாங்க. அந்த வட்டியில வாட்ச்மேன் சம்பளமும் தண்ணியும் கரண்ட் பில்லும் ஓடணும். செலவைக் குறைக்கணும்னா கான்கிரீட், பேவர் பிளாக், ஃபவுன்டன் எல்லாத்தையும் தள்ளி வைங்க, மண்ணும் நிழலும் போதும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில வேரோட சாஞ்சதுல குல்மொஹர் மாதிரி வெளிநாட்டு மரங்கள் நிறைய. அதனால வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம் வைங்க, மழைநீர் இறங்க ஒரு பள்ளம் விடுங்க.

கேட்ல அடையாள அட்டை கேக்காதீங்க. பக்கத்துக் குடிசைப் பிள்ளைங்களும், வீட்டுவேலைக்கு வர்ற அக்காங்களும், மத்தியானம் கண் அசர வர்ற டெலிவரிப் பையனும் உள்ள வரணும், பொதுன்னு சொல்லித்தான் காசு வாங்கினீங்க. வருஷத்துக்கு ஒருதடவை பார்க்லயே கூட்டம் போட்டு ஆடிட் ஆன கணக்கை எல்லார் முன்னாடியும் படிங்க, ட்ரஸ்டியில மூணுல ஒருத்தர் மாறட்டும், பத்திரம், ட்ரஸ்ட் டீட், பட்டா, எஃப்எம்பி எல்லாத்தோட காப்பியும் தெருவுக்கு ஒரு வீட்டுல இருக்கட்டும்.